பதிப்பாசிரியர் உரிமையும் சட்ட மெய்யியலும்: மோதக் வழக்குத் தீர்ப்பை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

பழந்தமிழ் நூல்களை ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பதிப்பாசிரியர்களின் பணி தமிழாய்வு முழுமைக்கும் அடித்தளமாகும். சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் 1887ஆம் ஆண்டில் வெளிவந்தன. இத்தகைய பதிப்புகளின் வரலாறு எழுதப்பெற்றுள்ளது. அவற்றின் பாடத்திறமும் ஆராயப்பெற்றுள்ளது. ஆயின், பதிப்பாசிரியர் தாம் மீட்டுத் தந்த பாடத்தின்மீது எத்தகைய உரிமை உடையவர், அவ்வுரிமை எதனை அடிப்படையாகக் கொண்டது என்னும் வினா பதிப்பியல் ஆய்வில் அரிதாகவே எழுப்பப்படுகிறது. அவ்வினாவைச் சட்டத்திற்குரியது என்று ஒதுக்கிவிடுவதே வழக்கமாக உள்ளது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, இவ்வினாவுக்கு நேரடியாக விடை கூறவில்லை. விடையை நீதிமன்றத் தீர்ப்புகளிலிருந்தே வருவித்துக் கொள்ள வேண்டியுள்ளது. அவற்றுள் தலையாயது, ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் டி.பி. மோதக் என்பாருக்கும் இடையிலான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பர் 12 அன்று வழங்கிய தீர்ப்பாகும். பழைய நூல் எதுவும் இவ்வழக்கில் இடம்பெறவில்லை. எனினும், பிறர் இயற்றிய, அனைவருக்கும் பொதுவான ஒரு மூலத்தைச் செப்பம் செய்பவர் எதற்கு உரிமை கொண்டாடலாம் என்பதே அதன் மையச் சிக்கல். அத்தீர்ப்பு வகுத்த அளவுகோலைச் சுவடிப் பதிப்பின்மீது வைத்துப் பார்த்து, அதன் பின்னணியிலுள்ள சட்ட மெய்யியல் கொள்கைகளின் போதாமையைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீர்ப்பும் அதன் அளவுகோலும்

லக்னோவைச் சார்ந்த ஈஸ்டர்ன் புக் கம்பெனி, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைத் திருத்திச் செப்பமாக்கிச் 'சுப்ரீம் கோர்ட் கேஸஸ்' என்னும் தொகுதிகளாக வெளியிடும் நிறுவனம். அத்தொகுதிகளிலிருந்து எடுத்த பாடத்தைக் குறுந்தகடுகளில் வெளியிட்டோர்மீது அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. தீர்ப்புகளை எவரும் மறுவெளியீடு செய்யலாம் என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. எனவே, தீர்ப்பின் மூலவாசகத்தின்மீது வெளியீட்டாளருக்கு உரிமை இல்லை. வெளியீட்டாளரே எழுதிய தலைக்குறிப்புகள் அவர்க்குரியவை என்பதிலும் ஐயமில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் செப்பப்பணி யாருக்குரியது என்பதே நீதிமன்றத்தின்முன் நின்ற வினா.

இதற்கு விடைகாண நீதிமன்றம் இரு மரபுகளை ஒப்புநோக்கியது. ஒன்று, உழைப்பும் செலவும் இட்டவருக்கே உரிமை என்னும் பழைய ஆங்கில மரபு. 1916ஆம் ஆண்டின் இலண்டன் பல்கலைக்கழக அச்சக வழக்கு இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது. மற்றொன்று, உழைப்பு மட்டும் போதாது, சிறிதளவேனும் படைப்பாற்றல் வேண்டும் என்னும் அமெரிக்க மரபு. தொலைபேசி எண் பட்டியல் பற்றிய 1991ஆம் ஆண்டின் ஃபைஸ்ட் வழக்கில் இது நிலைபெற்றது. கனடா உச்ச நீதிமன்றம் 2004இல், திறனும் மதிப்பீட்டுத் தேர்வும் இருப்பின் போதும் என்று இடைவழி ஒன்றைக் கண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் அவ்விடைவழியைத் தழுவி, அதனுடன் குறைந்த அளவு படைப்பாற்றலின் சாயலும் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டது.

இவ்வளவுகோலின்படி வெளியீட்டாளரின் பணிகள் இருகூறாகப் பிரிக்கப்பட்டன. தீர்ப்பைப் பத்திகளாகப் பகுத்து எண்ணிட்டமை, நீதிபதிகளுள் எவர் உடன்பட்டார், எவர் மாறுபட்டார் என்று குறித்தமை ஆகியவற்றுக்குச் சட்ட அறிவும் மதிப்பீடும் தேவைப்படுவதால் பாதுகாப்பு வழங்கப்பட்டது. விடுபட்ட சொற்களை நிரப்புதல், எழுத்துப் பிழை களைதல், மேற்கோள்களைச் சரிபார்த்தல், நிறுத்தக்குறி இடுதல் ஆகியவை உழைப்பு மிக்கனவாயினும் பாதுகாப்புக்குரிய அளவில் படைப்பாற்றல் உடையன அல்ல எனப்பட்டன.

தற்காலத் தீர்ப்புகளைப் பொறுத்தவரை இப்பகுப்பில் குறைகாண்பது எளிதன்று. தீர்ப்பை எழுதிய நீதிபதி அறியப்பட்டவர். மூலப்படி நீதிமன்றத்திலேயே உள்ளது. விடுபட்ட சொல் எது என்பதை ஒப்பிட்டு அறியலாம். அங்குத் திருத்தம் என்பது சரிபார்த்தலே. மூலப்படி கைக்கு எட்டாத நூலிலோ நிலைமை முற்றிலும் வேறாகிறது.

சுவடிப் பதிப்பின்மீது அளவுகோல்

ஓலைச்சுவடியில் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவ வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒத்த வடிவின. எனவே 'கெடு' என்பதும் 'கேடு' என்பதும், 'பொது' என்பதும் 'போது' என்பதும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றும். சொல்லுக்குச் சொல் இடைவெளியும் அடிக்கு அடி பிரிப்பும் இல்லை. பூச்சி அரித்த இடங்களும் முறிந்த ஓரங்களும் வேறு. யாப்பு, பொருள், உரையாசிரியர் கூற்று, பிற சுவடிகளின் சான்று ஆகிய அனைத்தையும் சீர்தூக்கியே ஒவ்வோர் எழுத்தும் அச்சேறுகிறது. ஓலையைப் படிப்பதே ஒரு முடிவெடுப்பாகும்.

மோதக் தீர்ப்பின் அளவுகோலை இப்பணிமீது சொல்லுக்குச் சொல் பொருத்தினால் விளைவு விந்தையாக அமைகிறது. நூற்பாக்களைப் பகுத்து எண்ணிடுவது பத்தி பகுப்புக்கு ஒப்பானது. அதற்குப் பாதுகாப்பு உண்டு. தொல்காப்பிய நூற்பாக்களை இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் வெவ்வேறாகப் பகுத்துள்ளமை அப்பகுப்பும் ஒரு மதிப்பீடே என்பதைக் காட்டும். சங்கப் பாடல்களைச் சந்தி பிரித்து வெளியிட்ட மர்ரே எஸ். ராஜம் பதிப்புகளின் பணியும் இவ்வகைப் பாதுகாப்புக்கு உரியதாகலாம். ஆனால் சிதைந்த அடியை மீட்டதும், பிழைபட்ட பாடத்தை நீக்கி உண்மைப் பாடத்தை நாட்டியதும் 'விடுபட்ட சொல் நிரப்புதல்', 'எழுத்துப் பிழை களைதல்' என்னும் தலைப்புகளுள் அடங்கிப் பாதுகாப்பை இழக்கும். மூலபாட ஆய்வில் எது தலைமைப் பணியோ அது சட்டத்தின் கண்ணில் கடைப்பணி ஆகிறது.

பாடவேறுபாடுகளுள் ஒன்றைத் தேர்வது 'மதிப்பீட்டுத் தேர்வு' என்பதனுள் அடங்காதோ எனில், அடங்கும் என்று வாதிட இடமுண்டு. தீர்ப்பின் சொற்கள் அதற்குத் தடையல்ல. எனினும் அவ்வாதம் ஓர் இடரைத் தாண்டியாக வேண்டும். தமது தேர்வு புதுமையானது என்று பதிப்பாசிரியர் கூறுவதில்லை. இதுவே நூலாசிரியரின் சொல் என்றே கூறுகிறார். நீதிமன்றத்தில் 'இது என் ஆக்கம்' என்று வாதிட்டால், ஆய்வுலகில் 'இது ஆசிரியர் பாடம்' என்ற அவர் கூற்று வலுவிழக்கும். இம்முரணே சிக்கலின் மையம்.

உழைப்புக் கொள்கை

இம்முரணை நீக்கச் சட்ட மெய்யியல் தரும் முதற்கொள்கை ஜான் லாக்குடையது. பொதுவாய்க் கிடப்பதில் தன் உழைப்பைக் கலப்பவன் அதனைத் தனதாக்கிக் கொள்கிறான் என்பது 1689இல் வெளிவந்த அவருடைய அரசியல் நூலின் கருத்து. ஊர் ஊராய்ச் சுவடி தேடியும் பல படிகளை ஒப்பிட்டும் ஆண்டுக்கணக்கில் உழைத்த பதிப்பாசிரியர்க்கு இக்கொள்கை இயல்பாகப் பொருந்துவதுபோல் தோன்றும்.

ஆயினும் இரு தடைகள் உள்ளன. முதலாவது, ராபர்ட் நாசிக் 1974இல் எழுப்பிய வினா. ஒருவன் தனக்குரிய தக்காளிச் சாற்றைக் கடலில் ஊற்றினால் கடல் அவனுடையதாகுமா, அன்றிச் சாற்றை அவன் இழந்தானா என்பது அது. ஆயிரக்கணக்கான அடிகள் கொண்ட காப்பியத்தில் சில நூறு இடங்களில் கலந்த உழைப்பு காப்பியம் முழுவதையும் உரிமையாக்கித் தராது. இரண்டாவது தடை லாக் தாமே வைத்தது. ஒருவன் எடுத்துக்கொண்டபின் பிறர்க்கும் போதிய அளவில், அதே தரத்தில், எஞ்சியிருக்க வேண்டும் என்பது அவர் விதித்த வரம்பு. சுவடி நிலைத்திருக்கும்வரை இவ்வரம்பு மீறப்படாது. வேறொருவர் அதே ஓலையை மீண்டும் படிக்கலாம். பதிப்புக்குப் பின் சுவடி அழிந்துவிட்டாலோ அச்சுப் பதிப்பே நூலின் ஒரே சான்றாகிவிடும். அந்நிலையில் பாடத்தின்மீதான தனியுரிமை நூலின்மீதான தனியுரிமையாக மாறும். சுவடிகள் பெருமளவு அழிந்துபட்ட தமிழ்ச் சூழலில் இது வெறும் கற்பனையன்று.

ஆளுமைக் கொள்கை

ஹெகலைப் பின்பற்றுவோர், படைப்பு என்பது படைப்பவரின் ஆளுமை புறப்பொருளில் உருக்கொள்வது, ஆதலின் அது அவர்க்குரியது என்பர். கவிஞர்க்கும் ஓவியர்க்கும் இது மிகப் பொருந்தும். டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல் அமர்நாத் சேகல் வழக்கில், விஞ்ஞான் பவனில் அவர் அமைத்த சுவர்ச்சிற்பம் சிதைக்கப்பட்டமைக்கு எதிராக வழங்கிய தீர்ப்பு இக்கொள்கைக்கு நெருக்கமானது. பதிப்பாசிரியரின் அறமோ தம் ஆளுமையை மறைத்துக்கொள்வது. அவர் எவ்வளவுக்கு விலகி நிற்கிறாரோ அவ்வளவுக்குப் பதிப்பு சிறக்கும். ஆளுமையை அளவுகோலாகக் கொண்டால், மூலத்தில் தம் விருப்பத்திற்கேற்பச் சொற்களைப் புகுத்துபவர் மிகுந்த உரிமையும், மூலத்திற்கு உண்மையாய் நிற்பவர் குறைந்த உரிமையும் பெறுவர். நல்ல பதிப்பைத் தண்டித்துத் தீய பதிப்பைப் போற்றும் கொள்கை பதிப்பியலுக்கு அடிப்படையாக இயலாது.

பிறநாட்டு நீதிமன்றங்களின் தடுமாற்றம்

இத்தடுமாற்றம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. சாக்கடல் சுவடிகளுள் ஒன்றன் சிதறல்களை இணைத்து எலீஷா கிம்ரோன் மீட்டமைத்த பாடத்திற்கு இசுரேல் உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் பதிப்புரிமை வழங்கியது. அத்தீர்ப்பை ஆராய்ந்த டேவிட் நிம்மர், மீட்டது பழைய ஆசிரியரின் சொற்களே எனின் அது உண்மைச் செய்தி, ஆக்கமன்று. உண்மைச் செய்திக்கு எவரும் உரிமையாளர் ஆகார் என்று வாதிட்டார். இங்கிலாந்தில் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பிரெஞ்சு இசைவாணர் லாலாந்தின் இசைப்படிகளைச் செப்பம் செய்த சாக்கின்சுக்கு, மூலத்தை மீட்பதே அவர் நோக்கமாயினும், உரிமை உண்டு என்றது. பிரான்சில் 2014இல் பாரிசு நீதிமன்றம், இடைக்காலச் சுவடிகளைப் படித்தெழுதிய பாடங்கள் குறித்து இதற்கு நேர்மாறான முடிவை மேற்கொண்டது. பதிப்பாசிரியர் மூலத்திற்கு உண்மையாய் இருக்க முயல்பவர், அவருடைய சொந்த முத்திரை அப்பாடத்தில் இல்லை என்பது அதன் காரணம்.

இந்தியாவிலிருந்து சென்ற ஒரு பழைய வழக்கும் இங்குக் கருதத்தக்கது. மாணவர்க்கெனச் சுருக்கப்பட்ட, தாமஸ் நார்த் மொழிபெயர்த்த புளூட்டார்க்கின் அலெக்சாந்தர் வரலாறு பற்றிப் பம்பாயில் எழுந்த மாக்மில்லன் - கூப்பர் வழக்கில், 1923இல் பிரிவி கவுன்சில் சுருக்கப்பட்ட பாடத்திற்கு உரிமை மறுத்து, குறிப்புகளுக்கு உரிமை வழங்கியது. மோதக் தீர்ப்புக்கு எண்பதாண்டுகளுக்கு மேல் முற்பட்ட இத்தீர்ப்பு, பாடம் வேறு, பதிப்பாசிரியர் தம் குரலில் பேசும் குறிப்பு வேறு என்னும் பகுப்பைத் தெளிவாகக் கண்டது. அப்பகுப்பே தீர்வுக்கு வழிகாட்டுகிறது.

பொறுப்பே அடிப்படை

இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் நூலைப் பொருளாகக் கருதாமல் பேச்சாகக் கருதினார். நூல் என்பது ஆசிரியர் வாசகரிடம் பேசுவது. வெளியீட்டாளர் அவர் பெயரால், அவர் ஒப்புதலோடு அப்பேச்சைக் கொண்டுசேர்ப்பவர். கள்ளப்பதிப்பின் குற்றம் பொருளைத் திருடியதன்று. ஒப்புதலின்றி ஒருவர் பெயரால் பேசியது.

இக்கருத்தைச் சுவடிப் பதிப்புக்கு விரித்தால் முரண் தளர்கிறது. பதிப்பு என்பது ஒரே தாளில் நிகழும் இரு பேச்சுகள். மேலே பாடம், அது பழைய ஆசிரியரின் பேச்சு. கீழே அடிக்குறிப்பும் பாடவேறுபாடும், முன்னே சுவடி விளக்கமும். அவை பதிப்பாசிரியரின் பேச்சு. 'இச்சுவடியில் இவ்வாறு உள்ளது; இக்காரணத்தால் இப்பாடம் கொள்ளப்பட்டது; ஐயமுள்ள இடம் இது' என்று அவர் வாசகரிடம் பொறுப்பேற்கிறார். அவருடைய உரிமைக்கு அடிப்படை உழைப்பும் அன்று, படைப்பாற்றலும் அன்று. தம் முடிவுகளுக்கு விடையிறுக்க முன்வரும் இப்பொறுப்பே ஆகும்.

இந்நோக்கில் பார்த்தால், பதிப்பாசிரியர்க்கு நேரும் பெருந்தீங்கு பாடம் மறுஅச்சாவதன்று. பாடத்தை எடுத்துக்கொண்டு பெயரையும் அடிக்குறிப்பையும் விட்டுவிடுவதே தீங்கு. அப்போது ஒருவரின் முடிவு சுவடியின் சான்றாக உருமாறுகிறது. ஐயத்துடன் கொள்ளப்பட்ட பாடம் ஐயமற்ற பாடமாகிறது. இத்தீங்கு பதிப்பாசிரியரோடு நில்லாது வாசகர்க்கும் நேர்வது. சொல்லடைவுகளும் அகராதிகளும் மின்தரவுத் தொகுதிகளும் இத்தகைய பாடங்களிலிருந்து உருவாகும் இக்காலத்தில், மூலமறியா ஓர் ஊகம் நூறு ஆய்வுகளில் சான்றாக நிற்க இடமேற்படுகிறது.

இதற்குரிய மருந்து பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவில் ஓரளவு உள்ளது. ஆக்கியோன் தன் பெயரைக் கோரவும், தன் நற்பெயருக்கு ஊறு விளைக்கும் சிதைவை எதிர்க்கவும் அப்பிரிவு இடமளிக்கிறது. பொருளுரிமையை விற்றபின்னும் இவ்வுரிமை நீங்காது. ஆயினும் அது 'படைப்பின்' 'ஆக்கியோனுக்கு' உரியது. மீட்கப்பட்ட பாடம் சுயமான படைப்பன்று என்று முடிவானால் பதிப்பாசிரியர் ஆக்கியோனும் ஆகார். பெயர் கோரும் உரிமையும் அப்பாடத்தைப் பொறுத்து அவர்க்கு இல்லாமற்போகும். பொருளுரிமைக்கு வைத்த அளவுகோலே பெயருரிமைக்கும் வாயிலாக நிற்பது இந்தியச் சட்டத்தின் குறையாகும். ஆசிரியர் இறந்தபின் வெளிவரும் நூல்களுக்கான 24ஆம் பிரிவும் இங்கு உதவாது. ஆசிரியர் இறந்தபோது பதிப்புரிமை நிலவிய நூல்களையே அது கருதுகிறது. சங்கநூல்கள் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

ஒப்பந்தம் ஈடாகுமா?

சட்டம் தராததை வணிக ஒப்பந்தம் தரலாம் என்று கூறுவோர் உளர். பதிப்பாளரோடு செய்யும் ஒப்பந்தத்தில் பெயரும் அடிக்குறிப்பும் காக்கப்பட வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம், எழுதிக்கொள்வது நன்றே. ஆனால் ஒப்பந்தம் அதனைச் செய்தவர்களை மட்டுமே கட்டும். கடையில் நூலை வாங்கி மறுஅச்சிடும் மூன்றாமவரை அது கட்டாது. மேலும், பணி ஒப்பந்தத்தின்கீழ்ப் பணிக்கடமையாக ஆக்கப்பட்ட படைப்புக்கு, மாறான உடன்பாடு இல்லாதவிடத்து, பணியமர்த்தியவரே முதல் உரிமையாளர் என்பது 17ஆம் பிரிவு. நிறுவனத் திட்டங்களில் சுவடி பெயர்த்தெழுதும் இளம் ஆய்வாளர் பேரம் பேசும் நிலையில் இருப்பதும் அரிது. 19ஆம் பிரிவின்படி, கால வரம்பு குறிக்கப்படாத உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்கே செல்லும். இது எழுத்தாளர்க்கு அரணாக அமைந்ததே எனினும், உரிமையே ஐயத்திற்குரியதாயின் இவ்வரணுக்குள் காக்க ஒன்றும் இராது.

முடிவுரை

செருமானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 70ஆம் பிரிவு வேறொரு வழியைக் காட்டுகிறது. உரிமைக் காலம் கடந்த நூல்களின் பதிப்பு, ஆய்வுமுறையில் அமைந்து முன்னைய பதிப்புகளினின்றும் பெரிதும் வேறுபட்டிருப்பின், வெளியீட்டிலிருந்து 25 ஆண்டுகள் பாதுகாப்புப் பெறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1993இல் வகுத்த நெறிமுறை, இத்தகைய பதிப்புகளுக்கு உறுப்பு நாடுகள் 30 ஆண்டுகளுக்கு மிகாத பாதுகாப்பு வழங்க இசைவளித்தது. இவ்வகைச் சட்டத்தின் சிறப்பு, பதிப்பாசிரியரைக் கவிஞராக வேடமிட வற்புறுத்தாமையாகும். அவர் படைத்தாரா என்று அது வினவவில்லை. முறையாக ஆய்ந்தாரா என்றே வினவுகிறது. குறுகிய காலவரையறை லாக் விதித்த வரம்பையும் ஒருவாறு நிறைவு செய்கிறது.

இந்தியாவில் படைப்பாளியின் உரிமை அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் நீள்வது. 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் எழுத்துகள் 2002 இறுதியுடன் பொதுவுடைமையாயின. அத்துணை நீண்ட காலத்தை மீட்கப்பட்ட பாடங்களுக்கும் வழங்குவது பழந்தமிழ் நூல்களைப் பூட்டி வைப்பதாகும். எவ்வுரிமையும் இல்லை என்பது உழைத்தவரை வெறுங்கையராக்குவதாகும். இரண்டுக்கும் இடையே, பாடத்தின்மீது குறுகிய காலப் பொருளுரிமையும், பெயரும் பாடவேறுபாட்டுக் குறிப்பும் நீக்கப்படாதிருக்க நெடுங்கால அறவுரிமையும் எனப் பிரித்து வழங்குவதே பொருத்தமானது. பயன்படுத்திய சுவடிகளின் படிமங்களைப் பொதுநூலகத்தில் வைத்தல் அப்பொருளுரிமைக்கு நிபந்தனையாக்கப்படலாம். பிறர்க்கும் அதே ஓலை எட்டும்போதுதான் ஒருவரின் தனியுரிமை நியாயம் பெறும்.

மோதக் தீர்ப்பு தன் முன்னிருந்த வழக்கைச் செம்மையாகவே தீர்த்தது. உழைப்பு, படைப்பாற்றல் என்னும் இரண்டையும் ஒரே கோட்டின் இரு முனைகளாகக் கொண்டு இடையில் ஒரு புள்ளியைத் தேடியதே அதன் எல்லை. மூலபாட ஆய்வாளரின் பணி அக்கோட்டின்மீதே இல்லை. உண்மைக்குக் கட்டுப்பட்ட மதிப்பீடு என்பது உழைப்பினும் நுண்ணியது; படைப்பினும் அடக்கமுடையது. அதனைச் சட்டம் அறிந்துகொள்ளும்வரை, பதிப்பாசிரியர் பெயரையும் அடிக்குறிப்பையும் விடாது மேற்கோள் காட்டும் கடமை ஆய்வுலகத்தையே சார்ந்துள்ளது.